ஆறு மாதம் பாவித்த சாமான்கள்

5 ஓகஸ்ட் 2025, செவ்வாய்

இன்று நாற்பத்தோரு சாமான் எழுதி முடித்தேன். என்ன சாமான், எத்தனை, எவ்வளவு காலம் பாவித்தது. சட்டி மூன்று, பத்து வருஷம். தலையணை ஐந்து, நான்கு வருஷம். எங்கள் வீட்டில் இவ்வளவு இருக்கிறதென்று எனக்கே தெரியாது.

அப்பா துறைமுகத்தில் கிளார்க். இருபத்துநான்கு வருஷம் மற்றவர்களின் பெட்டிகளை எண்ணிக் குறித்தவர். சொந்தச் சாமானை எண்ணச் சொன்னால், "மகள், உன்ட கையெழுத்துத்தான் வடிவு" என்கிறார். கையெழுத்து வடிவான பிள்ளையை ஏன் பள்ளிக்கூடத்தால் நிற்பாட்டினீர்கள் என்று கேட்க வாய் வந்தது. வாய் மட்டும்தான் வந்தது. சத்தம் வரவில்லை. எனக்கு எப்போதும் அப்படித்தான்.

மூன்று மாதத்தில் இத்தாலி விசா வந்துவிடும் என்று போன வருஷம் ஜனவரியில் பள்ளிக்கூடத்திலிருந்து என் விடுகைப் பத்திரத்தை எடுத்தார். விசா வந்தது போன மாதம். பதினெட்டு மாதம்! ஓ.எல். சோதனை எழுதிப் பெறுபேறும் பார்த்திருக்கலாம். இந்தக் கொப்பி தரம் பதினொன்று விஞ்ஞானத்துக்கு வாங்கியது. முதல் பக்கத்தில் என் பெயர் மட்டும் இருக்கிறது.

அம்மா ஆறு வருஷமாக மிலானோவில், வயதான ஒரு பெண்ணைப் பார்க்கும் வேலை. ஒக்டோபரில் நாங்கள் இருவரும் போகிறோம். சாமான்கள் எங்களுக்கு முன்னால் கப்பலில். கார்கோ ஒபிஸில் தாஸிம் நானா சட்டத்தை விளங்கப்படுத்தினார். என்னைப் பார்த்துச் சொன்னார், எழுதுகிறவள் நான் என்பதால்.

"தங்கச்சி, வடிவாக் கேட்டுக்கோங்கோ. வீடு மாறிப் போறவங்கட சாமானுக்கு அங்க வரி இல்ல. ஆனா எல்லாம் உங்கடதா ஈக்கணும். ஆறு மாசமாச்சும் பாவிச்சதா ஈக்கணும். ஒரு வருஷத்துக்கு ஆருக்கும் குடுக்கப்படாது. லிஸ்ட்ல ஒண்டு, பெட்டிக்குள்ள வேறொண்டு எண்டா, முழுப் பெட்டியும் அங்க போர்ட்ல நிக்கும்."

அப்பா தலையை ஆட்டினார். நான் நாற்பத்திரண்டாவது வரியை நல்ல எழுத்தில் எழுதினேன்: தையல் மெஷின் 1. லவினாவுடையது. எட்டு மாதம் பாவித்தது.

அது பீபி ஆன்ரியின் தையல் கடையில் வேலை செய்து, சம்பளத்தில் கழித்து எடுத்த மெஷின். இதுவரை அதில், கோயிலில் முதல் நன்மை வாங்கும் பிள்ளைகளின் வெள்ளைச் சட்டை மட்டும் இருபத்தாறு தைத்துவிட்டேன். சோதனை எழுதாத எனக்கு அங்கே கையில் இருக்கப்போவது அது ஒன்றுதான்.

7 ஓகஸ்ட், வியாழன்

பார்சல் வரத் தொடங்கிவிட்டது. யார் சொன்னார்களோ தெரியாது. எங்கள் கொட்டாஞ்சேனையில் யாராவது வெளிநாடு போகிறார்கள் என்றால் ஒரு கதவும் சும்மா இருக்காது.

வெள்ளவத்தையிலிருந்து நாகேந்திரம் அங்கிள் பஸ் ஏறி வந்து மூன்று கிலோ மிளகாய்த்தூள் வைத்தார், இத்தாலியில் இருக்கும் மகனுக்காம். "இது சாமானே இல்ல பிள்ள, சாப்பாடுதானே" என்றார். நிஷாந்தினி அக்கா அங்கே பாதுவா ஊரில் இருக்கும் சிநேகிதிக்கு அந்தோனியார் சுருவம் ஒன்று தந்தார், ஒரு சாண் சிலை. பீபி ஆன்ரியிடம் சொன்னேன். ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "அவர் அந்த ஊர்க்காரர்தானேடி? லீவுக்கு வீட்ட போறாராக்கும்" என்றார். இந்த வாரம் நான் சிரித்தது அதற்கு மட்டும்.

அப்பா ஒருவருக்கும் மாட்டேன் என்று சொல்லவில்லை. "முகத்த முறிக்க ஏலுமா மகள்? நாளைக்கு நாங்களும் ஒண்டு குடுத்து விடவேண்டி வரும்."

ஆறு பார்சல்.

9 ஓகஸ்ட், சனி

மெஷின் போகாதாம்.

எப்படிச் சொன்னார்கள் என்பதையும் எழுதவேண்டும், இல்லாவிட்டால் பிறகு நானே நம்பமாட்டேன். றோஸி மாமி, அப்பாவின் அக்கா, மேல்மாடியில் இருப்பவர், பெரிய பார்சல் ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார். மகள் றஷ்மி நாப்போலியில் இருக்கிறாள். அவளுக்குப் போர்வையும் துவாயுமாம். சுற்றிவரப் பழுப்பு டேப். பெட்டிக்குள் வைத்துப் பார்த்தார்கள், இடமில்லை.

மாமி மெஷினைக் காலால் தொட்டார். காலால்! "இது என்னத்துக்குத் தம்பி? அங்க எல்லாம் கடையில தொங்குது. ஆர் தைச்சுப் போடுறது? நான் மேல வச்சுப் பாத்துக்கொள்ளுறன்."

அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. "அது நல்லம் அக்கா."

இரண்டு பேருமாகத் தூக்கிக்கொண்டு படியேறினார்கள். எனக்கு வாய் இல்லையா? இருக்கு. ஏன் திறக்குதில்ல? ஏன்டி திறக்குதில்ல?

நாற்பத்திரண்டாவது வரியை வெட்டு என்றார் அப்பா. வெட்டினேன். பேனை கிழித்துக்கொண்டு அடுத்த தாளுக்கும் போனது.

10 ஓகஸ்ட், ஞாயிறு

பதினொரு பார்சல். எல்லாவற்றையும் "எங்கட சாமான் எண்டு எழுது" என்கிறார் அப்பா. புதிய மிக்ஸியில் விலை ஒட்டியிருந்தது. சுரண்டிவிட்டு "ஒரு வருஷம்" என்று எழுதினேன். மிளகாய்த்தூளை எப்படி ஆறு மாதம் பாவிப்பது என்று கேட்க நினைத்தேன்.

அந்தோனியாரை ஏழு வருஷம் பாவித்திருக்கிறோம்.

உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாமல் எழுத ஏலாது. தாஸிம் நானா அதையும் சொல்லித்தான் விட்டார். ஆனால் மற்றவர் கட்டித் தந்த பார்சலைப் பிரிப்பது மரியாதை இல்லையாம். "அக்கா போர்வை எண்டு சொன்னா போர்வைதான்" என்று சொல்லிவிட்டு அப்பா பூசைக்குப் போனார். வீட்டில் நான் தனியே. மாமியின் பார்சலை எடுத்து, பிளேட்டால் டேப்பை வெட்டினேன்.

போர்வை இல்லை. குழந்தை உடுப்பு. பதினான்கு. கை மறைக்கிற சின்னச் சட்டை, தொப்பி, கால்மேசு. கறுப்பு வளையல் ஒரு சோடி, பஞ்சு சுற்றி.

றஷ்மிக்குக் கலியாணம் முடியவில்லை. மாமி இப்போதும் கோயிலில் காண்கிற ஆட்களிடமெல்லாம் அவளுக்கு மாப்பிள்ளை விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

பிறகு பழையபடி மடித்து, புதிய டேப் ஒட்டினேன். பட்டியலில் நாற்பத்தொன்பதாவது வரி: குழந்தை உடுப்பு 14. பாவித்தது.

இந்தப் பட்டியலில் எவ்வளவோ பொய் எழுதிவிட்டேன். என்ன சாமான் என்பதையாவது சரியாக எழுதுவோம் என்று நினைத்தேன். யாருடையது என்று கேட்க அதில் ஒரு கட்டம் இல்லையே.

14 ஓகஸ்ட், வியாழன்

சாமான்கள் நேற்றே கார்கோ ஒபிஸின் பேலியகொடைக் களஞ்சியத்துக்குப் போய்விட்டன. இன்று புதுக்கடையில் பட்டியலுக்கு இத்தாலிய மொழிபெயர்ப்பு. நான்கு பக்கத்திலும் அப்பா கையெழுத்து வைத்தார். ஒரு வரிகூட வாசிக்கவில்லை. இருபத்துநான்கு வருஷம் எண்ணிக் குறித்த மனிதர்! பிறகு சாப்பாட்டுக் கடையில் எனக்கு ரோல்ஸ் வாங்கித் தந்து, "பாத்தியா, எல்லாம் லேசா முடிஞ்சுது" என்றார்.

26 ஓகஸ்ட், செவ்வாய்

இன்று எழுத்து வடிவாக வராது, வராவிட்டால் போகட்டும்.

பின்னேரம் அம்மா போன் எடுத்தார். மிலானோவில் கார்கோ ஒபிஸ் பெண் பட்டியலையும் எங்கள் குடும்பப் பத்திரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாளாம். பத்திரத்தில் மூன்று பேர். பட்டியலில் பாவித்த குழந்தை உடுப்பு பதினான்கு. குழந்தை எங்கே, அது யாருடையது, ஏன் விசாப் பத்திரத்தில் காட்டவில்லை என்று கேட்டாளாம்.

அப்பா போனைக் கதிரையில் சாய்த்து வைத்திருந்தார். மாமியும் அங்கேதான், தேத்தண்ணியோடு. அம்மா என்னைக் கூப்பிட்டார்.

"லவினா, நான் கோவிக்க மாட்டன். உண்மையச் சொல்லு. என்னம்மா நடந்தது?"

முதலில் எனக்கு விளங்கவே இல்லை. பிறகு விளங்கியது: அந்தக் குழந்தை என்னுடையதோ என்று கேட்கிறார். நீங்க என்னத்துக்கு அம்மா கோவிக்கவேணும்? கோவிக்கவேண்டிய ஆள் நான். ஆறு வருஷம் உங்கள ஒரு கையளவு கண்ணாடிக்குள்ள பாத்தவள் நான். என்னப் பாத்து இதக் கேக்கிறீங்களா?

இதெல்லாம் மனதுக்குள். வெளியே நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நிலத்தைப் பார்த்தால் குற்றம் செய்தவள் மாதிரித்தான் தெரியும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் தலை நிமிரவில்லை.

அப்பா, "ஆற்ற பார்சல்ல இருந்தது?" என்று கேட்டார். நான் மாமியைப் பார்த்தேன். பட்டியலில் அது இருக்கிறதென்றால் நான் பிரித்துப் பார்த்திருக்கிறேன் என்று மாமிக்குத் தெரியும். மேசைச் சீலையில் ஒட்டியிருந்த சீனியை விரலால் தட்டிவிட்டுக்கொண்டு சொன்னாள் —

"பள்ளிக்கூடமும் இல்லாம பொம்பிளப் பிள்ள வீட்டுல சும்மா இருந்தா இப்பிடித்தான் தம்பி, ஆக்கள் நாலும் நினைப்பாங்க."

சொன்னா*ள்*. இனி "ர்" போட மாட்டேன்.

27 ஓகஸ்ட், புதன்

இன்று அதைவிட மோசம்.

மாமி அப்பாவிடம் குசினியில் மெல்லமாகச் சொன்னாள். மெல்லமாக என்றாலும் எனக்குக் கேட்கவேண்டும் என்ற அளவுக்கு. "மருதானையில எனக்குத் தெரிஞ்ச லேடி டொக்டர் இருக்கிறா. ஒருக்காக் காட்டினா எல்லாருக்கும் நிம்மதி. ஆருக்கும் தெரிய வராது."

அப்பா வந்து என் முன்னால் நின்றார். செருப்பைப் போடுவதும் கழற்றுவதுமாக. "சும்மா ஒருக்காப் பாத்துட்டு வருவமா மகள்?"

நான் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டேன். பல்லைக் கடித்த கடியில் வாயில் இரத்தம் ருசித்தது. றஷ்மி என்று ஒரு சொல். அதைச் சொன்னால் போதும், எல்லாம் என்மேலிருந்து இறங்கிவிடும். ஏன் சொல்லவில்லை? பயமா? கூச்சமா? இன்று யோசித்துப் பார்த்தேன். இன்றைக்கு இரண்டும் இல்லை. எனக்குச் செய்தது அவளுக்கும் நடக்கும். அவளையும் நாலு பேர் நடுவில் நிற்பாட்டி, நிலத்தைப் பார்க்க வைப்பார்கள். அவள் எனக்கு ஒன்றும் செய்யவில்லை. செய்தது அவள் தாய்.

28 ஓகஸ்ட், வியாழன்

ஒருவரும் என்னோடு கதைக்கவில்லை. நானும்தான்.

30 ஓகஸ்ட், சனி

பட்டியலைத் திருத்தித் தராவிட்டால் சாமான் ஏறாது என்று தாஸிம் நானா வரச்சொல்லியிருந்தார். பேலியகொடைக்குப் போனோம். த்ரீவீலில் அப்பா ஒரு மூலை, நான் ஒரு மூலை.

களஞ்சியத்தில் எங்கள் பெட்டியின் மூடியைக் கழற்றிவிட்டுத் தாஸிம் நானா கேட்டார்: "இப்ப என்னத்தத் திருத்தப் போறீங்க?"

அப்பா, "அந்த ஒரு வரிய வெட்டினாச் சரிதானே?" என்றார்.

அப்போதுதான் என் வாய் திறந்தது. நான் திறந்தேன் என்று சொல்ல ஏலாது, அதுவாகத் திறந்தது. "இதுக்குள்ள பதினொரு பார்சல் எங்கட சாமான் இல்ல நானா."

"பின்ன ஏன் தங்கச்சி எழுதின?"

"எழுதச் சொன்னாங்க."

களஞ்சியத்து ஆட்கள் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். "எல்லாத்தையும் வெளிய எடுங்க" என்றேன். என் குரல் அந்தத் தகரக் கூரையில் பட்டுத் திரும்பி வந்தது. இவ்வளவு பெரிய குரலா எனக்கு?

ஒவ்வொன்றாக எடுத்தார்கள். மிளகாய்த்தூள். மிக்ஸி. அந்தோனியார், துவாயில் சுற்றியபடி. மாமியின் பார்சல் வந்தபோது தாஸிம் நானா கத்தியால் டேப்பை வெட்டினார். தொப்பி ஒன்று விழுந்து உருண்டது. உள்ளே உடுப்பைச் சுற்றியிருந்த தாளில் நீல மையில் "றஷ்மிக்கு" என்று எழுதியிருந்தது. அந்தக் கையெழுத்தில்தான் அப்பாவுக்குச் சின்ன வயதிலிருந்து மாமியின் எல்லாக் கடிதமும் வந்திருக்கிறது.

அப்பா வாசித்தார். இந்தச் சாமான்களில் அவர் வாசித்த ஒரே வரி அதுதான். பெட்டி விளிம்பில் குந்திவிட்டார்.

"அக்காவுக்குத் தெரியாம ஆரும் உள்ளுக்கு வச்சிருப்பாங்களோ..." என்றார்.

"அவவின்ட கையெழுத்து அப்பா."

தொப்பியைக் குனிந்து எடுத்துத் தூசி தட்டினார். எவ்வளவு நேரம் தட்டுவது? அதில் தூசியே இல்லை. என்னிடம் மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. "டொக்டர் வேணாம்" என்று மட்டும் சொன்னார். வேணாமா? பெரிய உதவி.

31 ஓகஸ்ட், ஞாயிறு

பூசை முடிந்து பார்சல்களைத் திருப்பிக் கொடுத்தேன். அப்பா நாளைக்கு நாளைக்கு என்றார். நானே த்ரீவீல் பிடித்தேன். பத்து வீடு. ஒவ்வொரு கதவிலும் ஒரே வசனம்: "இது எங்கட சாமான் இல்ல, லிஸ்ட்ல போட ஏலாது."

நிஷாந்தினி அக்கா, "ஐயோ, இத்தனூண்டு அந்தோனியார் என்ன பாரம்?" என்றார். நாகேந்திரம் அங்கிள் வெள்ளவத்தையில் கேற்றைக்கூட முழுதாகத் திறக்கவில்லை. "இத்தாலி போக முதலே பெரிய ஆள்" என்றார். முந்தி இதைக் கேட்டிருந்தால் ஒரு வாரம் அழுதிருப்பேன். இன்று த்ரீவீல் திரும்பும்போதே பசித்தது.

கடைசியாக மேல்மாடி. மாமி பார்சலைக் கண்டதும் முகம் சாம்பலாகிவிட்டது. என்னை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். என் மெஷின் மூலையில், மேலே உடுப்புக் கும்பல்.

"ஆருக்கும் சொல்லிப்போடாத பிள்ள. கும்பிட்டுக் கேக்கிறன். அவளின்ட வாழ்க்க."

என்னுடையது என்ன, மாமி? கை துடைக்கிற துவாயா?

நான் பார்சலை மேசையில் வைத்தேன். "மருதானை டொக்டரிட்ட எப்ப போறம் மாமி?"

அவள் வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. எனக்கு அது எப்படி இருக்கும் என்று நன்றாகத் தெரியும்.

1 செப்டெம்பர், திங்கள்

அம்மாவுக்கு நானே போன் எடுத்தேன். முதல்முறை, நானாக.

"அது என்ட இல்ல. ஆற்ற எண்டு கேக்காதீங்க, சொல்ல மாட்டன். என்ன நம்பேலாட்டி இப்பவே சொல்லுங்க, நான் வரேல்ல."

அங்கே கிழவி யாரையோ கூப்பிடும் சத்தம் கேட்டது. அம்மா போகவில்லை. "நம்புறன்" என்றார். பிறகு, "அண்டைக்கு அப்பிடிக் கேட்டிருக்கக் கூடாது" என்றார். அழுதார் போல. நான் சமாதானப்படுத்தவில்லை. சரி என்று மட்டும் சொன்னேன்.

3 செப்டெம்பர், புதன்

மத்தியானம் படியில் தடதடவென்று சத்தம். மாமி தனியாக மெஷினைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தாள். பாரம். மூச்சு வாங்கியது. போய்ப் பிடிக்கலாம்தான். நான் பிடிக்கவில்லை. கதவடியில் வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் ஏறிப் போனாள்.

துடைத்தேன், எண்ணெய் விட்டேன். பட்டியலைப் புதிதாக எழுதினேன். பார்சல்கள் இல்லாத நாற்பத்திரண்டு வரி. முதலாவது: தையல் மெஷின் 1. லவினாவுடையது. ஒன்பது மாதம் பாவித்தது.

அப்பாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரல் வைத்து, நாற்பத்திரண்டையும் வாசித்த பிறகுதான் கையெழுத்து வைத்தார்.

8 செப்டெம்பர், திங்கள்

மேல்மாடிக்குப் போனேன். "அந்தப் பார்சலத் தாங்க. கையில கொண்டு போறன். கைப்பைக்கு லிஸ்ட் இல்ல."

மாமி அழத் தொடங்கினாள். என் கையைப் பிடிக்க வந்தாள், நான் பார்சலைப் பிடித்தேன். "உங்களுக்காக இல்ல மாமி" என்றேன். கோபம் போகவில்லை. போகவும் வேண்டாம். அது எனக்கு வேண்டும், கொஞ்ச நாளைக்கு.

பின்னேரம் பீபி ஆன்ரியிடம் முதல் நன்மைச் சட்டையில் மிஞ்சின வெள்ளைத் துணி கேட்டு வாங்கினேன். "இத்தனூண்டு துணியில என்னடி தைக்கலாம்?" என்று கேட்டார். சொல்லவில்லை. விளங்கியிருக்கும், ஒரு முழ லேசும் வைத்துத் தந்தார்.

12 செப்டெம்பர், வெள்ளி

பெட்டி மூடியாயிற்று. மெஷின் நடுவில், தலையணை ஐந்தும் சுற்றிவர. தாஸிம் நானா பட்டியலைப் பார்த்து ஒவ்வொன்றாகத் தொட்டுச் சரி போட்டார். "இப்பதான் தங்கச்சி இது வீட்டுச் சாமான் மாதிரி ஈக்கிது."

4 ஒக்டோபர், சனி

நாளைக்குப் பயணம். பெட்டி அங்கே போய்ச் சேர இன்னும் நாளாகுமாம். கைப்பையை நானே அடுக்கினேன். பழக்கதோஷம், இதற்கும் ஒரு பட்டியல்:

கடவுச்சீட்டு 1.
விடுகைப் பத்திரம் 1. அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் காட்டவேண்டும். அம்மாவிடம் சொல்லிவிட்டேன், போகலாமா என்று கேட்கவில்லை.
கத்தரிக்கோல் — இல்லை, பிளேனில் விடமாட்டார்களாம். அப்பாவின் பெட்டியில்.
இந்தக் கொப்பி 1.
கறுப்பு வளையல், ஒரு சோடி.
குழந்தை உடுப்பு 15. பதினான்கு மாமி தந்தது. ஒன்று நான் தைத்தது, லேஸ் வைத்து. இன்னும் ஒருவரும் பாவிக்கவில்லை.